எள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எள்ளைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் வரும். கறுப்பு நல்லதா, வெள்ளை நல்லதா? பாலைவிட அதில் சுண்ணாம்புச் சத்து அதிகமாமே, உண்மையா? இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் அந்தச் செடியைப் பற்றியும் அது எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியும் கொஞ்சம் பேச ஆசை. அறுவடையில் இவ்வளவு தொல்லை கொடுக்கிற பயிரை மனிதர்கள் 4,000 ஆண்டுகளுக்கு மேலாகக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்றால், அதற்கு வலுவான காரணம் இருந்தாக வேண்டும். அந்தக் காரணம் பிடிபட்ட பிறகு எனக்கு எள்ளின் மேல் இருந்த பிரியம் இரட்டிப்பாகிவிட்டது.

எள் எந்த மாதிரியான செடி?

ஒரே பருவத்தில் வாழ்ந்து முடிகிற செடி. விதைத்த 90 முதல் 130 நாளுக்குள் காய்த்து, முற்றி, காய்ந்துவிடும். இடுப்பளவு வளரும், மண்ணும் வெயிலும் ஒத்துவந்தால் அதற்கு மேலும் போகும். தண்டு உருண்டையாக இல்லாமல் நாலு பட்டையாக, மெல்லிய ரோமத்தோடு இருக்கும். கீழ் இலைகள் அகலம். மேலே போகப்போக ஈட்டி மாதிரி ஒல்லியாகிவிடும். தாவரவியல் பெயர் செசாமம் இண்டிகம், குடும்பம் பெடாலியேசி.

பூவைப் பார்த்திருக்கிறீர்களா? இலைக்கக்கத்தில் சற்றே தலைகவிழ்ந்து தொங்கும். குழல் போன்ற உருவம், வெள்ளை அல்லது வெளிர் ஊதா நிறம், கீழ் உதடு மட்டும் கொஞ்சம் நீண்டு வெளியே வந்திருக்கும். அழகான மூக்கை எள்ளுப்பூ மூக்கு என்று நம் மொழியில் சொல்வது இதை வைத்துத்தான். விடியும்போது மலரும், அன்று மாலைக்குள் உதிர்ந்துவிடும். ஆகவே எள்ளுப்பூவைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் போக வேண்டும்.

ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியைத் தாங்கும். ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் இரண்டு மூன்று நாள்கூடத் தாங்காது, வாடிப் படுத்துவிடும்.

எள் முதன்முதலில் எங்கே பயிரானது?

இந்தியத் துணைக்கண்டத்தில். இந்த முடிவுக்கு ஆதாரங்கள் இரண்டு பக்கமிருந்து வருகின்றன.

ஒன்று, மண்ணுக்குள்ளிருந்து. சிந்துவெளி நகரமான ஹரப்பாவை அகழ்ந்தபோது கருகிக் கட்டியாகிப்போன எள் கிடைத்தது. அது 4,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. தீயில் கருகியதால்தான் அது தப்பியது. கருகாத எள்ளாக இருந்திருந்தால் மக்கிப்போயிருக்கும்.

இன்னொன்று, உயிரோடிருக்கும் செடியிலிருந்து. இந்தியாவின் மேற்குக் கரையோரத்தில் மலபாரிக்கம் என்று பெயரிடப்பட்ட காட்டு எள் இன்றும் தானாக முளைக்கிறது. அதற்கும் வயல் எள்ளுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றே, 26. இரண்டையும் கலந்தால் பிறக்கும் செடி மலடாகாமல் நன்றாக விதை கட்டும். பூவும் காயும் ஒன்றுபோலவே இருக்கும். எள்ளின் மூலத்தைத் தேடுவதில் பல ஆண்டு உழைத்த டோரத்தியா பெடிஜியான் என்ற அமெரிக்க ஆய்வாளர், இந்தக் காட்டுச் செடிதான் வயல் எள்ளின் முன்னோடி என்று விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார்.

ஆப்பிரிக்காதான் தாயகம் என்றும் படித்தேனே?

தப்பில்லை, நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தார்கள். எள்ளின் பேரினத்தைச் சேர்ந்த காட்டுச் செடிகளில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. சொந்தக்காரர்கள் நிறைய இருக்கிற ஊர்தான் பிறந்த ஊராக இருக்கும் என்று கணக்குப் போடுவது இயல்புதானே. ஆனால் அந்தச் சொந்தங்களில் பலவற்றுக்குக் குரோமோசோம் எண்ணிக்கையே வேறு. வயல் எள்ளோடு கலந்தால் எளிதில் ஒட்டுவதில்லை. பேரினம் ஆப்பிரிக்காவில் செழித்தது, அதில் ஓர் இனம் இந்தியாவில் வயலுக்கு வந்தது என்று புரிந்துகொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

'எண்ணெய்' என்ற சொல்லே எள்ளிலிருந்து வந்ததாமே?

ஆமாம். எள் + நெய் = எண்ணெய். இங்கே நெய் என்பது கொழுப்பான திரவம் எதற்கும் பொதுப்பெயர். முதலில் எள்ளிலிருந்து எடுத்ததற்கு மட்டும் இருந்த பெயர், பிறகு எல்லாவற்றுக்கும் பரவியது. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என்று சொல்லும்போதெல்லாம் நாம் எள்ளையும் சேர்த்தே சொல்கிறோம். மண்ணெண்ணெய்க்குள்கூட ஓர் எள் ஒளிந்திருக்கிறது! தன் பெயர் பொதுப்பெயராகிவிட்டதால், எள்ளெண்ணெய்க்கு அடையாளமாக 'நல்ல' என்ற அடைமொழி வந்து நல்லெண்ணெய் ஆனது.

எனக்கு வியப்பாக இருப்பது, இது தமிழில் மட்டும் நடக்கவில்லை என்பது. சமஸ்கிருதத்தில் எள்ளுக்குத் திலம் என்று பெயர். அதிலிருந்து வந்த தைலம் என்ற சொல்தான் எண்ணெய்க்குப் பொதுப்பெயர். பண்டைய மெசபடோமியாவின் அக்காதிய மொழியில் எள்ளின் பெயர் ஷமஷ்ஷம்மு. அதைப் பிரித்தால் 'எண்ணெய்ச் செடி' என்று பொருள் வரும். ஒன்றோடொன்று உறவில்லாத மூன்று மொழிகள், எள்ளையும் எண்ணெயையும் பிரிக்க முடியாதபடி முடிச்சுப் போட்டு வைத்திருக்கின்றன. எண்ணெய் என்றால் என்னவென்று அந்த மக்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் எள்ளுக்குப் பெரும் பங்கு இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை.

மற்ற எண்ணெய்கள் இருக்க, எள்ளுக்கு மட்டும் ஏன் அந்த இடம்?

நான் முதலில் சொன்ன காரணம் இதுதான்: எள்ளின் எண்ணெய் சீக்கிரம் கெடாது.

விதையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அந்த எண்ணெயில் ஒலியிக், லினோலியிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களும் கிட்டத்தட்டச் சரிபாதியாகச் சேர்ந்து 80 விழுக்காட்டுக்கு மேல் வரும். லினோலியிக் அமிலம் அதிகமுள்ள எண்ணெய் காற்றுப் பட்டால் வேகமாகக் காறிப்போக வேண்டும். நல்லெண்ணெய் அப்படி ஆவதில்லை. அதில் செசமின், செசமோலின் என்ற இரண்டு பொருள்கள் இயற்கையாகவே கலந்திருக்கின்றன. எள்ளை வறுக்கும்போதோ எண்ணெயைச் சூடாக்கும்போதோ செசமோலின் உடைந்து செசமோல் என்ற இன்னொரு பொருள் உண்டாகும். காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயைத் தாக்குவதை இது தடுத்து நிறுத்தும். கூடவே காமா டோகோஃபெரால் என்ற வைட்டமின் ஈ வகையும் காவல் நிற்கும்.

குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தை யோசித்துப் பாருங்கள். வெயில் கொளுத்துகிற நாட்டில், மண் ஜாடியில் ஊற்றி வைத்த எண்ணெய் மாதக்கணக்கில் வாடை வராமல் இருந்தால், அது எவ்வளவு பெரிய கொடை! சமைக்கலாம், விளக்கேற்றலாம், உடம்பில் தேய்க்கலாம், மருந்து கலக்கலாம், தூர ஊருக்கு அனுப்பி விற்கலாம். பாபிலோனியர் எள்ளெண்ணெயைத் தவிர வேறு எண்ணெயைப் பயன்படுத்துவதில்லை என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தார்.

எள் உலகம் முழுக்க எப்படிப் பரவியது?

இந்தியாவிலிருந்து மெசபடோமியாவுக்குக் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டிலேயே போய்விட்டது. அங்கே களிமண் பலகைகளில் வரும் பெயர் எள்ளா, ஆளி விதையா என்று அறிஞர்களிடையே பெரிய விவாதமே நடந்தது. அந்தப் பலகைகளில் உள்ள பயிர்க் கணக்குகள் கோடையில் விதைத்ததாகச் சொல்கின்றன. ஆளி குளிர்காலப் பயிர். எள் கோடைப் பயிர். விவாதம் எள்ளின் பக்கம் சாய்ந்ததற்கு முக்கியமான காரணம் இது.

எகிப்தில் துட்டன்காமனின் கல்லறையில் எள் விதை கிடைத்திருக்கிறது. ஆர்மீனியாவில் இன்றைய யெரெவான் அருகே கார்மிர் புளூர் என்ற இடத்தில், கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எண்ணெய் ஆட்டும் கூடமே கிடைத்தது. எள் நிரப்பிய ஜாடிகள், பிழிந்தெடுத்த பிண்ணாக்கு எல்லாம் அப்படியே இருந்தன. சீனத்தில் எள்ளுக்கு ஹூமா என்று ஒரு பழம்பெயர் உண்டு. மேற்கே இருந்த அயலாரின் சணல் என்று அதற்கு அர்த்தம். வந்த வழியைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவுக்கு எள் போன கதை வேதனையானது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு எள்ளும், 'பென்னே' என்ற அதன் பெயரும் சேர்ந்து கடல் கடந்தன. அவர்கள் தங்கள் சின்னத் தோட்டங்களில் அதை வளர்த்தார்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெபர்சன் 1808இல் அந்த எண்ணெயைச் சுவைத்து, ஆலிவ் எண்ணெய்க்கு இணையாக மெச்சி, தன் பண்ணையிலும் பயிரிடச் செய்தார். பெயரையும் பயிரையும் கொண்டுவந்தவர்களின் பெயர்கள் பதிவாகவில்லை.

இன்று சூடான், இந்தியா, மியான்மர், தான்சானியா, நைஜீரியா போன்ற நாடுகள் அதிகம் விளைவிக்கின்றன. உலகிலேயே அதிகமாக இறக்குமதி செய்வது சீனா.

'திறந்திடு சீசேம்' என்பதில் வரும் சீசேம் எள்தானா?

எள்தான். அலிபாபா கதையை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மொழியில் எழுதிப் பரப்பியவர் அந்த்வான் கல்லான். அவருக்கு அதைச் சொன்னவர் அலெப்போ நகரத்து ஹன்னா தியாப். எள்ளின் மேல்நாட்டுப் பெயர் மருவி நம்மிடம் சீசேம் ஆகிவிட்டது. கதையில் குகைக்குள் மாட்டிக்கொண்ட காசிம், மந்திரச் சொல்லை மறந்துபோய், 'திற, பார்லி' என்று வேறு தானியத்தின் பெயரைச் சொல்லிப் பார்ப்பான். அது ஒரு விதையின் பெயர் என்பது அந்தத் தடுமாற்றத்திலேயே தெரிந்துவிடுகிறது.

எள்ளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? முற்றிய எள்காய் யாரும் தொடாமலே 'டப்' என்று வாய் திறப்பதால் இருக்கலாம் என்பார்கள். ஊகம்தான். ஆனால் எள்காய் திறப்பதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்த ஊகம் பிடித்துப்போகும்.

எள் அறுவடை ஏன் அவ்வளவு கடினம் என்கிறார்கள்?

அந்தத் திறப்பால்தான். எள்காய் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. நாலு பள்ளம் ஓடிய சின்னப் பேழை. முற்றியதும் நுனி இரண்டாகப் பிளந்து, குருவியின் அலகு மாதிரி விரியும். உள்ளே எட்டிப் பார்த்தால் நாலு வரிசையில், அடுக்கி வைத்த காசு மாதிரி விதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஒரு காய்க்கு 50 முதல் 100 விதை வரை. செடி நேராக நிற்கும்வரை அவை கிண்ணத்தில் இருப்பதுபோல அப்படியே இருக்கும். காற்றடித்துச் செடி சாய்ந்தால் எல்லாம் தரையில்.

இன்னொரு சிக்கல், எல்லாக் காயும் ஒன்றாக முற்றாது. கீழ்க்காய் வெடிக்கிற நாளில் மேலே இன்னும் பூ இருக்கும். தொட்டியில் ஐந்து செடி வளர்த்த முதல் வருடம் எனக்கு இது தெரியவில்லை. மேலே உள்ள காய்களும் பழுக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தேன். ஒரு காலையில் போய்ப் பார்த்தால் கீழ்க்காய்கள் எல்லாம் வாய் பிளந்து காலியாக நிற்கின்றன. தரையில் எறும்பு வரிசை ஒவ்வொரு எள்ளாகத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. எனக்கு மிஞ்சியது ஒரு கைப்பிடிகூட இல்லை.

அனுபவசாலிகள் செய்வது இது. கீழ்க்காய்கள் மஞ்சளாக மாறி, இலைகள் உதிரத் தொடங்கும்போதே செடியை அடியோடு அறுத்துவிடுவார்கள். சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, நுனி மேலே பார்க்க, கூம்பு மாதிரி ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துவார்கள். வெயிலில் காயக்காயக் காய்கள் திறக்கும், விதை கொட்டாது. நன்றாகக் காய்ந்ததும் கட்டைத் தூக்கி விரித்த துணிமேல் தலைகீழாகக் கவிழ்த்து, குச்சியால் மெல்லத் தட்டினால் மழை மாதிரி கொட்டும். மிச்சக் காய்களுக்கு மறுபடி காயவைத்து மறுபடி ஒரு தட்டு.

ஆயிரம் எள் சுமார் 3 கிராம்தான். ஒரு மேசைக்கரண்டி எள்ளில் ஏறக்குறைய 3,000 விதை இருக்கும். அதற்கு முப்பது முதல் அறுபது காய் வரை தட்ட வேண்டும். கரண்டியில் அள்ளும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

வெடிக்காத எள் கிடையாதா?

உண்டு. 1943இல் வெனிசுவேலாவில் பணியாற்றிய லாங்ஹாம் என்ற தாவர ஆய்வாளர் வெடிக்காத காய் கொண்ட ஒரு செடியைக் கண்டுபிடித்தார். அது திறக்கவே மறுத்தது. விதையை எடுக்கக் காயை நொறுக்க வேண்டியிருந்தது. நொறுக்கும்போது விதையும் நசுங்கியது. பிறகு பல ஆண்டு உழைப்பில், நுனி சற்றே திறந்து காய்ந்துவிடுகிற, ஆனால் விதையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற வகைகளை உருவாக்கினார்கள். அவற்றை இயந்திரத்தால் அறுக்கலாம். ஆனாலும் உலக விளைச்சலில் பெரும்பகுதி இன்னும் கையால்தான் அறுவடையாகிறது.

கறுப்பு, வெள்ளை, பழுப்பு: எது நல்லது?

நிறம் தோலில் மட்டும்தான். தோலை உரித்துவிட்டால் எல்லா எள்ளும் தந்த நிறம். கறுப்பில் மணம் கனமாகவும் லேசான கசப்போடும் இருக்கும்; வெள்ளை மென்மையாக, இனிப்பு கலந்ததுபோல இருக்கும். எண்ணெய்க்குப் பழுப்பும் கறுப்பும், தூவுவதற்கும் விழுதுக்கும் வெள்ளை என்று பல இடங்களில் பழக்கம். உடம்புக்கு எது மேல் என்று கேட்டால், நிறத்தைவிடத் தோல் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

பாலைவிட எள்ளில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பது சரியா?

எண்ணிக்கை சரி, முடிவு அவசரம். தோலோடு கூடிய 100 கிராம் எள்ளில் சுமார் 975 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பாலில் 100 கிராமுக்கு 120 அளவில்தான். ஆனால் யாரும் ஒரு வேளைக்கு 100 கிராம் எள் சாப்பிடுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி, அதாவது 9 கிராம், கிட்டத்தட்ட 88 மில்லிகிராம் தரும்.

அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. இந்தக் கால்சியத்தில் பெரும்பங்கு தோலில், ஆக்சலேட் என்ற பொருளோடு கட்டிப்பிடித்தபடி இருக்கிறது. அந்தப் பிடியிலிருந்து உடம்பால் அதை முழுசாகப் பிரித்தெடுக்க முடியாது. தோலை நீக்கிவிட்டால் ஆக்சலேட் போகும், கூடவே கால்சியத்தில் பெரும்பகுதியும் போய்விடும். ஆகவே எள்ளை நல்ல துணையாக வைத்துக்கொள்ளுங்கள். பாலுக்கோ கீரைக்கோ மாற்றாக அதை மட்டும் நம்பாதீர்கள்.

மற்றபடி 100 கிராமில் புரதம் 18 கிராம் அளவு, நார்ச்சத்து 12, இரும்பு 14 மில்லிகிராமுக்கு மேல். மெக்னீசியம், துத்தநாகம், செம்பு எல்லாம் தாராளம். சக்தி 570 கலோரிக்கு மேல் என்பதையும் மறக்க வேண்டாம். சிறுநீரகக் கல் இருப்பவர்கள் ஆக்சலேட் காரணமாக மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுவது நல்லது.

எள்ளைச் சரியாக வறுப்பது எப்படி?

முதலில் கழுவிக் கல் அரித்துவிடுங்கள். நிறைய தண்ணீரில் கலக்கி, மிதக்கிற சருகை நீக்கி, எள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தெடுத்தால் மணல் அடியில் தங்கிவிடும். துணியில் பரப்பி நன்றாக உலர்த்த வேண்டும்.

அடிகனமான வாணலி, சிறு தீ, எண்ணெய் வேண்டாம். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். பிறகு ஒன்றிரண்டு துள்ளும், படபடவென்று சத்தம் வரும். விதை லேசாக உப்பும். இரண்டு எள்ளை எடுத்து விரலிடுக்கில் நசுக்குங்கள். சட்டென்று பொடியாகி மணம் வந்தால் சரியான பதம். உடனே வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விட்டால் சூட்டில் கறுகிக் கசந்துவிடும். கறுப்பு எள்ளில் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது என்பதால் காதையும் மூக்கையும் நம்ப வேண்டும்.

எள் விழுது வீட்டில் அரைக்க முடியுமா?

தாராளமாக. அரபு நாடுகளில் தஹினி என்கிறார்களே, அதுதான். அந்தப் பெயருக்கு 'அரைத்தது' என்று பொருள். தோல் நீக்கிய வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் லேசாக வறுத்து, ஆறியதும் மிக்சியில் போடுங்கள். முதலில் பொடியாகும், அப்புறம் ஈர மணல் மாதிரி ஓரத்தில் அப்பும். பலர் இங்கே பயந்து தண்ணீர் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். வழித்துவிட்டு இன்னும் அரைத்தால் விதையின் எண்ணெய் வெளியே வந்து இளகி ஓடும். தேவைப்பட்டால் ஒரு கரண்டி எண்ணெய் சேர்க்கலாம்.

சாப்பிடும் நேரத்தில் எலுமிச்சைச் சாறோ தண்ணீரோ சேர்த்தால் விழுது இன்னும் இறுகிக் கட்டியாகும். கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். எண்ணெய்க்குள் இருக்கும் மாவுத் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஒட்டிக்கொள்வதால் அப்படி. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடித்தால் திடீரென்று வெளுத்து, பால் ஏடு மாதிரி வழவழப்பாகிவிடும். இதே விழுதில் பாகு சேர்த்தால் அல்வா வகைகள். உப்போடு இடித்தால் தூவுகிற பொடி.

கடையில் நல்லெண்ணெய் பல நிறத்தில் இருக்கிறதே, என்ன வித்தியாசம்?

பச்சை எள்ளை ஆட்டினால் வெளிர் மஞ்சள். மணம் மிதம், எல்லாச் சமையலுக்கும் ஆகும். நன்றாக வறுத்து ஆட்டினால் அடர் பழுப்பு. சீன, கொரிய, ஜப்பானிய சமையலில் கடைசியில் சில சொட்டு விடுவது இதைத்தான், பொரிக்கக் கூடாது. சுத்திகரித்தது நிறமும் மணமும் குறைந்தது, அதிகச் சூட்டைத் தாங்கும்.

எப்படிச் சேமிப்பது?

முழு எள் காற்றுப் புகாத டப்பாவில் பல மாதம் இருக்கும். தோல் நீக்கியதும் பொடியும் சீக்கிரம் காறிவிடும், குளிர்ப்பெட்டியில் வையுங்கள். நாக்கில் ஒன்று போட்டுப் பார்த்தால் சிக்கு வாடை தெரிந்துவிடும்.

சமையலைத் தாண்டி எள் எதற்கெல்லாம் உதவுகிறது?

விளக்கு, தோல், தலைமுடி எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாத சிலவற்றைச் சொல்கிறேன்.

ஊசி மருந்து. சில ஹார்மோன்களையும், மனநோய்க்குத் தரும் சில நீண்டநாள் மருந்துகளையும் எள்ளெண்ணெயில் கரைத்துத் தசையில் போடுகிறார்கள். எண்ணெயிலிருந்து மருந்து மெதுவாகக் கசிந்து வாரக்கணக்கில் வேலை செய்யும்.

பூச்சிக்கொல்லி. பைரெத்ரம் என்ற பூவிலிருந்து எடுக்கும் மருந்தோடு எள்ளெண்ணெய் சேர்ந்தால் அதன் வீரியம் கூடுவதை 1940 வாக்கில் கண்டுபிடித்தார்கள். மருந்தை முறியடிக்கும் பூச்சியின் உடல் ஏற்பாட்டைச் செசமின் முடக்கிவிடுகிறது.

கலப்படக் காவல். இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. எள்ளெண்ணெயோடு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃப்யூராலும் சேர்த்துக் குலுக்கினால் ரோஜாச் சிவப்பு வரும். போதுவான் சோதனை என்று பெயர். இதை வைத்து, வனஸ்பதியில் குறைந்தது 5 விழுக்காடு எள்ளெண்ணெய் இருக்க வேண்டும் என்று இந்தியாவில் விதி செய்தார்கள். யாராவது வனஸ்பதியை நெய்யில் கலந்தால் எள் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் மை. சீனத்திலும் ஜப்பானிலும் எண்ணெய் விளக்கின் கரியைச் சேர்த்து எழுதும் மை செய்தார்கள். அதற்கு எரித்த எண்ணெய்களில் எள்ளெண்ணெயும் ஒன்று. ஆட்டிய பின் மிஞ்சும் பிண்ணாக்கு புரதம் நிறைந்தது, மாட்டுக்கும் மண்ணுக்கும் தீனி. இளம் இலையை ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் கீரையாகச் சமைக்கிறார்கள். தண்ணீரில் ஊறவிட்டால் வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று வரும்.

எள் ஒவ்வாமை உண்மையில் உண்டா?

உண்டு, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக முடியும். உதடு வீக்கம், தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் உணவுப் பொட்டலங்களில் எள்ளைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ஒன்பதாவது பெரிய ஒவ்வாமைப் பொருளாக அது சேர்க்கப்பட்டது. ஐரோப்பாவில் அதற்கு முன்பே அந்த விதி இருந்தது. எண்ணெய்தானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. சுத்திகரிக்காத நல்லெண்ணெயில் எள்ளின் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும்.

பேயெள்ளும் எள்ளும் ஒன்றா? கொரிய 'எள் இலை' என்பது?

இரண்டுமே எள் இல்லை. பேயெள் சூரியகாந்திக் குடும்பம். கொரியச் சமையலில் எள் இலை என்று மொழிபெயர்க்கப்படுவது பெரில்லா என்ற செடியின் இலை; அது துளசிக் குடும்பம்.

கடையில் வாங்கிய எள்ளை விதைக்கலாமா?

தோல் நீக்காதது, வறுக்காதது என்றால் பெரும்பாலும் முளைக்கும். 'எள்ளுக்கு ஏழு உழவு' என்ற பழமொழியை மனதில் வையுங்கள். விதை சின்னது, மண் மாவு மாதிரி பொலபொலவென்று இருக்க வேண்டும். ஒரு பங்கு எள்ளோடு நாலைந்து பங்கு மணல் கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் மண் மூட வேண்டாம். சூடான மண்ணில் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நாற்று விரல் நீளம் வந்ததும் சாண் இடைவெளி விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். முதல் மாதம் சோம்பலாக வளரும், அப்போது களை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூ வரவேண்டிய இடத்தில் குட்டி இலைகள் கொத்தாக வந்தால் அது தத்துப்பூச்சி பரப்பும் நோய்; அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

காய் மஞ்சளாகத் தொடங்கியதும் செடிக்கு அடியில் ஒரு பழைய துணியை விரித்துவிடுங்கள். எறும்புக்கு முன்னால் நீங்கள் எழுந்துகொள்ள வேண்டும்.